சர்வே எண் தெரிந்தால் நிலம் கிடைக்கும்: பன்னாட்டு அமைப்புகளின் ஆவணங்களை இணையத்தில் தேடும் முறை

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தை 1986ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அறிவித்தது என்று எழுதிய பள்ளிக் கட்டுரைகளையும் விழா மலர்களையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1986இல் அறிவித்தது இந்திய அரசு. யுனெஸ்கோ தன் 'மனிதனும் உயிர்க்கோளமும்' திட்டத்தின் உலக வலையமைப்பில் அதைச் சேர்த்துக்கொண்டது 2000ஆம் ஆண்டில்தான். நீலகிரி மலை ரயில் பற்றிய செய்தியும் இப்படியே திரிந்து கிடக்கிறது. 2005இல் நம் ரயிலுக்குத் தனியாக உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்ததாகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் 1999இல் பட்டியலில் ஏறிய டார்ஜிலிங் ரயிலின் விரிவாக்கமாகத்தான் அது சேர்ந்தது, 2008இல் கால்கா–சிம்லா பாதையும் அதே பதிவுக்குள் வந்தது. இரண்டையும் மூலத்தாளில் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும். எங்கே பார்ப்பது என்பது தெரியாததால்தான் ஒரு மலரில் வந்த பிழையை அடுத்த மலர் படியெடுத்துக்கொண்டே போகிறது.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு சிறு நூலகத்தில் நான் சில ஆண்டுகள் பணிபுரிந்தேன். மாணவர்களும், சிறு தேயிலை விவசாயிகளும், பழங்குடியினர் சங்கங்களில் இருப்பவர்களும் வந்து, "ஐ.நா.வில் இப்படிச் சொல்லியிருக்கிறார்களாமே, அந்தத் தாள் கிடைக்குமா?" என்று கேட்பது வழக்கம். அதற்கு முன்பே அவர்கள் கூகுளில் நாலு சொற்களைத் தட்டிப் பார்த்து அலுத்துப்போயிருப்பார்கள். தாலுகா அலுவலகத்தில் போய், "ஓடைப் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் தோட்டம் ஒன்று உண்டு, அதைக் காட்டுங்கள்" என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அதே பதில்தான் இங்கும் வரும். அங்கே சர்வே எண்ணும் உட்பிரிவும் வேண்டும். இங்கே ஆவணக் குறியீடு வேண்டும். பன்னாட்டு அமைப்புகளின் ஆவணங்கள் பொருள்வாரியாகப் பிறப்பவை அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அவையின், ஒரு கூட்டத் தொடரின், ஒரு வகைத் தாளாகப் பிறக்கிறது. ஆகவே தேடல் பெட்டியைத் தொடுவதற்கு முன், இந்தத் தாளை வெளியிட்டது எந்த அவை, எந்த ஆண்டில், அது தீர்மானமா அறிக்கையா வரைவா கூட்டப் பதிவா என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் இரண்டுக்கு விடை தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

குறியீட்டைப் படிக்கும் விதம்

ஐ.நா. ஆவணம் ஒவ்வொன்றின் முதற்பக்க மேல்மூலையிலும் எழுத்தும் எண்ணும் சாய்கோடும் கலந்த ஒரு வரி இருக்கும். அதுவே குறியீடு. இக்கட்டுரையில் குறியீடுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தேடும்போது சாய்கோட்டையும் புள்ளியையும் மாற்றாமல் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

நம் மலைக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு பன்னாட்டுத் தேயிலை நாள். மே 21 அந்த நாள் என்று இன்று எல்லோருக்கும் தெரியும்; ஆனால் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினால் டிசம்பர் 15 என்று இருக்கும். டிசம்பர் 15 என்பது தேயிலை விளையும் நாடுகளின் தொழிற்சங்கங்களும் சிறு விவசாயிகளும் 2005 முதல் தாமாகக் கடைப்பிடித்து வந்த நாள். மே 21 என்பது ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தால் வந்த நாள். அத்தீர்மானத்தின் குறியீடு ஏ/ஆர்இஎஸ்/74/241. முதலில் உள்ள 'ஏ' பொதுச்சபையைக் குறிக்கிறது. 'ஆர்இஎஸ்' என்றால் நிறைவேறிய தீர்மானம். 74 என்பது 2019 செப்டம்பரில் தொடங்கிய எழுபத்து நான்காம் கூட்டத் தொடர். 241 அத்தொடரின் தீர்மான வரிசை எண். சிறுதானிய ஆண்டை அறிவித்த ஏ/ஆர்இஎஸ்/75/263 என்பதையும் இதே முறையில் நீங்களே பிரித்துவிடலாம். 2023 சிறுதானிய ஆண்டாக இருக்க, தீர்மானம் 2021 மார்ச்சில் நிறைவேறியது; ஆண்டை மட்டும் வைத்து 2023இல் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பியதற்கு அதுவே காரணம்.

'எஸ்' என்று தொடங்கினால் பாதுகாப்புச் சபை, 'இ' என்று தொடங்கினால் பொருளாதார சமூக அவை, 'எஸ்டி' என்றால் செயலகம். நடுவில் வரும் 'சி' ஒரு நிலைக்குழுவையும் 'சிஎன்' ஓர் ஆணையத்தையும் காட்டும். மனித உரிமை ஆணையத்தின் தாள்கள் 2006 வரை இ/சிஎன்.4 என்று தொடங்கின. அந்த ஆண்டு ஆணையம் கலைந்து மனித உரிமைகள் அவை பிறந்த பின் ஏ/எச்ஆர்சி என்று மாறின. ஆகவே ஒரே பொருளை இருபது ஆண்டுகளுக்குப் பின்தொடர்வோர் இரண்டு குறியீடுகளிலும் தேடியாக வேண்டும். 1976க்கு முந்தைய பொதுச்சபைத் தீர்மானங்களில் கூட்டத் தொடரின் எண் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண்ணாக வரும். 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட உலக மனித உரிமைகள் பிரகடனம் 217 ஏ என்ற எண்ணோடு ரோமன் மூன்றைச் சேர்த்துக் குறிக்கப்படுவது அதனால்தான்.

குறியீட்டின் வால்பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. சர்வே எண்ணில் உட்பிரிவை விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்துக்குப் போய் நிற்போம் அல்லவா, இங்கும் அதுவே நடக்கும். 'எல்' என்று இருந்தால் அது வரைவு. 'ஆர்இவி' என்றால் முந்தையதை நீக்கி வந்த திருத்திய வடிவம். 'ஏடிடி' என்றால் பின்சேர்க்கை. 'சிஓஆர்ஆர்' என்றால் பிழைதிருத்தம். நானே ஒருமுறை 'எல்' குறியுள்ள வரைவை அச்செடுத்து, நிறைவேறிய தீர்மானம் என்று சொல்லி ஒரு விவசாயக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதை மனுவில் இணைத்து அனுப்பிய பிறகுதான் இறுதி வடிவத்தில் ஒரு பத்தி மாறியிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து முதலில் வாலைத்தான் பார்க்கிறேன்.

எந்த வாசலில் நுழைவது

குறியீடு கையில் இருந்தால் தேடவே வேண்டாம். யுஎன்டாக்ஸ் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியை அடுத்து ஒரு சாய்கோடும் அதன்பின் குறியீடும் இட்டால் ஆவணம் நேராகத் திறக்கும். அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம் ஆகிய ஆறு அலுவல் மொழிகளில் வடிவங்கள் இருக்கும். தமிழில் கிடைப்பவை மிகக் குறைவு. மனித உரிமைகள் பிரகடனத்தின் தமிழ் வடிவம் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் தளத்தில் உண்டு.

குறியீடு தெரியாதபோது இரண்டு வழிகள் உள்ளன, இரண்டும் ஒன்றல்ல. அலுவல் ஆவண அமைப்பு என்னும் தளம், 1993 முதலான ஆவணங்களின் முழுப் பாடத்திலும் சொல்லைத் தேடித் தரும். அதற்கு முந்தையவற்றில் பலவும் வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாக அங்கே உள்ளன. நூலகர்கள் விவரம் பதிந்து, பொருட்சொல் இட்டு வைத்த பட்டியல்தான் ஐ.நா. மின்னூலகம், தீர்மானங்களின் வாக்களிப்பு விவரமும் உரைகளின் அட்டவணையும் அங்கேதான் கிடைக்கும். ஒரு சொற்றொடர் எங்கே வருகிறது என்று அறிய முதலாவதற்குப் போங்கள். எந்த நாடு எப்படி வாக்களித்தது என்று அறிய இரண்டாவதற்குப் போங்கள்.

வாக்களிப்பு விவரத்தின் பயனை, தொல்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தைக் கொண்டு காட்டலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் இந்த மாவட்டத்தில் அதைப் பற்றிய கேள்வி அடிக்கடி வரும். குறியீடு ஏ/ஆர்இஎஸ்/61/295, நாள் 2007 செப்டம்பர் 13. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகள் எதிர்த்தன; 11 நாடுகள் நடுநிலை வகித்தன; இந்தியா ஆதரித்தது. ஆதரித்த நாடுகள் 143 என்று ஒரு கட்டுரையிலும் 144 என்று இன்னொன்றிலும் இருக்கும். மாண்டினீக்ரோவின் ஆதரவு வாக்கு அன்று பதிவாகாமல் போனதே இவ்வேறுபாட்டின் வேர். இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பது 'பிவி' என்ற குறியுள்ள சொல்லுக்குச் சொல்லான கூட்டப் பதிவு. ஒரு நாடு ஆதரித்தது என்று மட்டும் எழுதுவது அரைச் செய்தி. எந்த விளக்கத்தோடு ஆதரித்தது என்பதும் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. இந்தியாவின் விளக்கத்தையும் அங்கேயே படிக்கலாம். படித்துவிட்டு எழுதுவது நல்லது.

தோட்டத் தொழிலாளர் பற்றியும் பழங்குடியினர் பற்றியும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டுமென்றால் ஐ.நா. தளத்தை விட்டுவிட்டுப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நார்ம்லெக்ஸ் தளத்துக்குப் போக வேண்டும். அங்கே நாட்டின் பெயரைத் தேர்ந்தால், அந்நாடு ஏற்புறுதி அளித்த உடன்படிக்கைகளும் அளித்த நாளும் ஒரே பக்கத்தில் வரும். பழங்குடியினர் பற்றிய 1957ஆம் ஆண்டின் 107ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958 செப்டம்பர் 29 அன்று ஏற்றது. அதற்குப் பின்வந்த 1989ஆம் ஆண்டின் 169ஆம் உடன்படிக்கையை இன்றுவரை ஏற்கவில்லை. துண்டறிக்கைகளில் 169ஐக் காட்டி அரசைக் கேள்வி கேட்பவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், தம் கையில் உண்மையில் இருக்கும் கருவி 107தான் என்பது புரியும். தோட்டத் தொழிலாளருக்கென்றே அமைந்த 1958ஆம் ஆண்டின் 110ஆம் உடன்படிக்கையை இலங்கை 1995இல் ஏற்றது, இந்தியா ஏற்கவில்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருக்கும் ஊரில், இந்த ஒப்பீடு மாணவர்களுக்கு உடனே பிடிபடுகிறது.

நார்ம்லெக்ஸின் உண்மையான செல்வம் பட்டியலில் இல்லை, நிபுணர் குழுவின் கருத்துகளில் இருக்கிறது. ஏற்ற உடன்படிக்கையை நாடு எப்படிச் செயற்படுத்துகிறது என்று அக்குழு ஆராய்ந்து எழுதும். 107ஆம் உடன்படிக்கையின் கீழ் சர்தார் சரோவர் அணையால் இடம்பெயர்ந்தோரைப் பற்றி இந்தியாவிடம் எழுப்பிய கேள்விகள் அங்கே ஆண்டுவாரியாக உள்ளன. ஒரே பொருளை ஆண்டு ஆண்டாகப் படித்து வந்தால், ஓர் அரசு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிற்று, எதைத் தள்ளிப்போட்டது என்பது தெரியவரும்.

பச்சைத் தேயிலை கொடுக்கும் சிறு விவசாயிக்கு வேண்டியது வேறு. ஏற்றுமதித் தேயிலையில் எந்தப் பூச்சிக்கொல்லி எவ்வளவு எச்சமாக இருக்கலாம் என்பது அவர் கேள்வி. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 1963இல் தொடங்கிய, உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையத்தின் தளத்தில் பூச்சிக்கொல்லி எச்சத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் மருந்தின் பெயரைக்கொண்டும் தேடலாம், விளைபொருளைக்கொண்டும் தேடலாம். தேயிலையின் விளைபொருள் எண் டிடி (DT) 1114. கோடெக்ஸின் வரம்பும் வாங்கும் நாட்டின் வரம்பும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தனியாக வரம்பு வகுக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பையே வைத்திருக்கிறது. அதைப் பார்க்க ஒன்றியத்தின் சொந்தத் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். வரம்பை மாற்ற முனையும் நாடுகள் உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிப்பு அனுப்புகின்றன. அவற்றின் குறியீடு ஜி/எஸ்பிஎஸ்/என் என்று தொடங்கி, அடுத்து நாட்டின் சுருக்கப்பெயரைக் கொண்டிருக்கும். கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தரப்படும் என்பதால், அறிவிப்பைக் காலம் கடந்து கண்டுபிடிப்பதில் பயனில்லை. ஈபிங் என்னும் தளத்தில் விளைபொருளைக் குறிப்பிட்டுப் பதிந்துகொண்டால் அறிவிப்பு மின்னஞ்சலிலேயே வந்துவிடும். இங்குள்ள உற்பத்தியாளர் சங்கங்களில் ஒருவராவது பதிந்துவைப்பது நல்லது.

உலக வங்கியில் தேடும்போது திட்டத்தின் பெயரைவிடத் திட்ட எண்ணை நம்புங்கள். தமிழ்நாட்டு அணைகளும் இடம்பெற்ற அணைகள் புனரமைப்புத் திட்டத்தின் எண் பி089985. அதை இட்டால் மதிப்பீட்டு ஆவணம் முதல் நிறைவு அறிக்கை வரை அனைத்தும் வரிசையாக வரும். தொடக்கத்தில் சொன்னதையும் முடிவில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பழைய பெயரும் பழைய எழுத்துக்கூட்டலும்

பொருட்சொல்லால் தேட வேண்டி வந்தால், ஆவணம் எழுதப்பட்ட நாளில் வழங்கிய பெயரை இடுங்கள். 1972க்கு முன் இலங்கை 'சிலோன்'. 1969க்கு முன் தமிழ்நாடு 'மெட்ராஸ் ஸ்டேட்'. உதகமண்டலம் பல பத்தாண்டுகளுக்கு 'ஊட்டகமண்ட்'. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை 'ஸ்ரீலங்கா' என்று தேடினால் எப்படி அகப்படும்? நீலகிரி என்பதை ஒருமையிலும் பன்மையிலும் தனித்தனியாகத் தேடுங்கள். தட்டச்சிலும் உருட்டச்சிலும் இருந்து வருடப்பட்ட பழைய தாள்களில் கணினி எழுத்துகளைத் தவறாகப் படித்திருக்கக்கூடும். சொல் அகப்படவில்லை என்றால் ஆண்டையும் அவையையும் மட்டும் இட்டுப் பட்டியலைக் கண்ணால் மேய்வதே வழி. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களை ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பில் பார்க்கலாம். சாசனத்தின் 102ஆம் பிரிவு எல்லாவற்றையும் பதியச் சொன்னாலும், பதியப்படாதவை உண்டு. அங்கே இல்லாதவற்றை நம் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தரவுத்தளத்தில் தேடுங்கள்.

தளத்தின் சொந்தத் தேடல் சோர்ந்துபோனால் கூகுளை அதே தளத்துக்குள் அடைத்துவைக்கலாம்: 'சைட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியின்றித் தள முகவரியை எழுதி, பின் சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள்.

கருத்து வேறு, முடிவு வேறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கதை இதற்கு நல்ல பாடம். நம் முக்குருத்தி தேசியப் பூங்காவும் அந்த 39இல் ஒன்று. உலகப் பாரம்பரிய மையத்தின் தளத்தில் 1342 என்ற எண்ணைத் திறந்து, ஆவணங்கள் என்ற பகுதிக்குப் போனால், இந்தியா அளித்த முன்மொழிவும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடும், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழுவின் முடிவும் தனித்தனியாக இருக்கும். மதிப்பீடு, முன்மொழிவைத் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தது. 2012இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய குழு, அதையும் மீறிப் பட்டியலில் சேர்த்தது. மதிப்பீட்டை மட்டும் படித்தவர் 'யுனெஸ்கோ மறுத்துவிட்டது' என்று எழுதுவார். முடிவை மட்டும் படித்தவர் எல்லோரும் ஒருமனதாக வரவேற்றதாக எழுதுவார். இரண்டும் பிழை. மலை ரயிலின் எண் 944. அதையும் இப்படியே மூன்று அடுக்காகப் பாருங்கள்.

கண்டுபிடித்த தாளை உடனே உங்கள் கணினியில் சேமித்து, கோப்புக்குக் குறியீட்டையே பெயராக இடுங்கள். சாய்கோடு கோப்புப் பெயரில் செல்லாது என்பதால் அதன் இடத்தில் சிறுகோடு போடலாம். எடுத்த நாளையும் குறித்துவையுங்கள். தளங்கள் மூடப்படுவதும் முகவரிகள் மாறுவதும் வழக்கம், குறியீடு மாறாது. தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போகிற நம் ஊரில், 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சுட்டியை மட்டும் வைத்திருப்பவர் மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரையோடு இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

எங்கும் அகப்படாத தாள்களும் உண்டு. ஐ.நா.வின் டாக் ஹாமர்ஷால்ட் நூலகத்துக்கு அதன் இணையப் பக்கத்திலேயே கேள்வி எழுதலாம், பதில் தருகிறார்கள். அச்சில் மட்டும் இருப்பவற்றுக்குச் சென்னையின் கன்னிமாரா பொது நூலகத்தை நாடலாம், அது ஐ.நா. வெளியீடுகளின் வைப்பு நூலகமும் ஆகும். மலையிறங்கும் முன், வேண்டிய தாளின் குறியீட்டையும் ஆண்டையும் எழுதி அனுப்பி, அது அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுங்கள்.